பழைய வார்டில் எம்.ஆர்.ஐ. வைக்க முடியுமா?

மலேசியாவின் பேராக்கிலும் கெடாவிலும் தோட்டங்களை ஒட்டி வளர்ந்த டவுன்களில் இந்தப் பேச்சு அடிக்கடி எழும். முதுகுத்தண்டு வலி, விடாத தலைவலி, முழங்கால் சவ்வு என்று போனால் டாக்டர் எம்.ஆர்.ஐ. (காந்தத்தைக் கொண்டு உடலுக்குள் படம் எடுக்கும் ஸ்கேன்) எடுக்கச் சொல்வார். அதற்குப் பெரிய ஊருக்குப் போக வேண்டும். பிள்ளைகளில் ஒருவர் லீவு போட வேண்டும், கார் வேண்டும், தேதி கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டும். உடனே ஏதாவதொரு சங்கக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, “நாமளே நன்கொடை திரட்டி ஒரு மெஷின் வாங்கிக் கொடுத்தா என்னங்க? ஆஸ்பத்திரியில ஒரு வார்டைக் காலி பண்ணி வச்சுட்டாப் போச்சு” என்பார். கைதட்டலும் விழும்.

நல்ல எண்ணம்தான். சிக்கல் அந்த ‘வச்சுட்டாப் போச்சு’வில் இருக்கிறது. எம்.ஆர்.ஐ.யைப் பொறுத்தவரை சுவர், தரை, கூரை, கதவு எல்லாமே இயந்திரத்தின் பாகங்கள். அறை சரியாக அமையவில்லை என்றால், எத்தனை மில்லியன் ரிங்கிட் கொட்டி வாங்கினாலும் படம் தெளிவாக வராது. சில வேளை உயிருக்கே ஆபத்து. ஏன் என்று அடியிலிருந்து பார்ப்போம். கணக்குக்கு ஊர் சுங்கை சிப்புட் என்றே வைத்துக்கொள்ளலாம். வார்டு மட்டும் கற்பனை: தரைத்தளம், தடித்த செங்கல் சுவர், உயரமான கூரை, இரு பக்கமும் வராந்தா, வரிசையாகக் கண்ணாடிப் பட்டை ஜன்னல்கள்.

முதலில் சுலபமானவை

அல்ட்ராசவுண்டுக்கு அறை ஒரு பிரச்சினையே இல்லை. சக்கரம் வைத்த இயந்திரம், ஒரு பிளக், மறைவுக்கு ஒரு திரை. அவ்வளவுதான்.

எக்ஸ்-ரேயும் சி.டி. ஸ்கேனும் அப்படியல்ல. 1895-இல் ரோண்ட்கன் கண்டுபிடித்த அதே கதிரைத்தான் சி.டி. இயந்திரமும் பயன்படுத்துகிறது. கதிர்க்குழாய் நோயாளியைச் சுற்றிச் சுழல, பல கோணங்களில் கிடைக்கும் அளவுகளைக் கணினி சேர்த்து உடலின் குறுக்குவெட்டுப் படமாக்குகிறது. முதல் நோயாளியை இப்படிப் படம் எடுத்தது 1971 அக்டோபர் 1-இல், லண்டன் விம்பிள்டனில் இருந்த ஒரு மருத்துவமனையில். அன்றைக்கு ஒரு தலைக்கே வெகுநேரம் பிடித்தது. இன்றைய இயந்திரங்களில் குழாய் ஒரு சுற்றை அரை வினாடிக்குள் முடித்துவிடுகிறது.

கதிர் நோயாளியின் உடலில் பட்டு எல்லாத் திசைகளிலும் சிதறும். பக்கத்து அறையில் இருப்பவர் மேல் அது படக்கூடாது. அதனால் சுவருக்குள் காரீயத் தகடு. பொதுவாக 1.5 முதல் 2 மில்லிமீட்டர் தடிமன் என்பார்கள், ஆனால் அது மனக்கணக்காகச் சொல்லும் எண் இல்லை. வாரத்துக்கு எத்தனை பேரைப் படம் எடுக்கப் போகிறார்கள், சுவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, சுவருக்கு அந்தப் பக்கம் யார் என்று கணக்குப் போட்டுத்தான் தடிமனை முடிவு செய்ய வேண்டும். அந்தப் பக்கம் துணி வைக்கும் ஸ்டோர் என்றால் ஒரு கணக்கு, கர்ப்பிணிகள் நாள் முழுக்க உட்காரும் கிளினிக் என்றால் வேறு கணக்கு. மலேசிய விதிகளின்படி கதிர்வீச்சுப் பணியாளருக்கு ஆண்டு வரம்பு 20 மில்லிசீவெர்ட் (உடலில் படும் கதிரை அளக்கும் அலகு), பொதுமக்களுக்கு 1 மில்லிசீவெர்ட். 1984-ஆம் ஆண்டின் அணுசக்தி உரிமச் சட்டத்தின் கீழ், மருத்துவப் பயன்பாட்டுக்கான உரிமத்தைச் சுகாதார அமைச்சு கவனிக்கிறது. உரிமம் இல்லாமல் ஒரு படம்கூட எடுக்க முடியாது.

நம் பழைய வார்டுக்கு இங்கே ஒரு சாதகம் உண்டு. தடித்த செங்கல் சுவரும் கனமான கான்கிரீட்டும் தாமாகவே நிறையக் கதிரைத் தடுத்துவிடும். சுவரின் உண்மையான தடிமனையும் உள்ளே பொந்து இருக்கிறதா என்பதையும் துளையிட்டுப் பார்த்துவிட்டு, குறையும் அளவுக்கு மட்டும் காரீயம் சேர்த்தால் போதும்.

காரீய வேலையில் கோட்டை விடுவது எங்கே தெரியுமா? பெரிய சுவரில் இல்லை, சின்ன ஓட்டையில். காரீயம் ஒட்டிய பலகையை அழகாக அடித்து முடித்திருப்பார்கள். அடுத்த நாள் வயர்மேன் வந்து சுவிட்ச் பெட்டிக்காக உள்ளங்கை அகலத்துக்கு வெட்டி எடுத்துவிட்டுப் போவார். அந்தப் பெட்டிக்குப் பின்னால் இன்னொரு தகடு வைக்காவிட்டால், அங்கே சுவரே இல்லை என்றுதான் பொருள். இரண்டு பலகைகள் சேரும் இடத்திலும், கதவுச் சட்டத்தின் ஓரத்திலும் இதே கதைதான். அதனால் பெயின்ட் அடிக்கும் முன்பே பார்த்துவிட வேண்டும், பிறகு எல்லாச் சுவரும் ஒரே மாதிரித்தான் தெரியும்.

சி.டி.யில் இன்னொரு நிம்மதி: சுவிட்சை அணைத்தால் கதிர் இல்லை. இரவில் துப்புரவுப் பணியாளர் உள்ளே போய்த் தாராளமாகத் தரையைத் துடைக்கலாம். இந்த ஒரு விஷயத்தில்தான் எம்.ஆர்.ஐ. அடியோடு மாறுகிறது.

அணையாத காந்தம்

எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ் கதிர் கிடையாது, காரீயமும் தேவையில்லை. அங்கே இருப்பது காந்தம். நம் உடலில் பெரும்பங்கு தண்ணீர், தண்ணீரில் ஹைட்ரஜன். வலுவான காந்தப் புலத்துக்குள் படுத்தால் அந்த ஹைட்ரஜன் கருக்கள் ஓர் ஒழுங்குக்கு வருகின்றன. குறிப்பிட்ட அலைவரிசையில் ஒரு வானொலித் துடிப்பை அனுப்பினால் அவை அந்த ஒழுங்கிலிருந்து விலகும், திரும்பும்போது தாங்களே மிக மெல்லிய சமிக்ஞை ஒன்றை வெளியிடும். அதைப் பிடித்துத்தான் கணினி படமாக்குகிறது. இதற்காக லாட்டர்பரும் மான்ஸ்ஃபீல்டும் 2003-இல் நோபெல் பரிசு பெற்றார்கள்.

பொதுவாக மருத்துவமனைகளில் உள்ள காந்தம் 1.5 டெஸ்லா அல்லது 3 டெஸ்லா. டெஸ்லா என்பது காந்த வலுவை அளக்கும் அலகு. பூமியின் காந்தப் புலத்தோடு ஒப்பிட்டால் 1.5 டெஸ்லா என்பது முப்பதாயிரம் மடங்குக்கும் மேல். இவ்வளவு வலுவைச் சாதாரணச் செம்புக் கம்பியில் உண்டாக்கினால் சூட்டைத் தாங்க முடியாது. ஆகவே நியோபியம்-டைட்டானியக் கம்பிச் சுருளைத் திரவ ஹீலியத்தில் மூழ்கடித்து, மைனஸ் 269 டிகிரி செல்சியஸில் வைக்கிறார்கள். அந்தக் குளிரில் கம்பிக்கு மின்தடையே இல்லை. ஒரு தடவை மின்சாரத்தை ஏற்றிவிட்டால் அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

அதனால்தான் காந்தத்துக்கு ‘ஆஃப்’ கிடையாது. ஸ்கேன் நடக்காத நேரத்திலும், நடுராத்திரியிலும், தீபாவளி விடுமுறையிலும், கரண்ட் போனபோதும் காந்தம் காந்தம்தான். இது புரியாமல்தான் விபத்துகள் நடக்கின்றன. 2001-இல் நியூயார்க் மாநிலத்தில், ஸ்கேனுக்குள் படுத்திருந்த ஆறு வயதுச் சிறுவன் அறைக்குள் கொண்டுவரப்பட்ட ஆக்சிஜன் சிலிண்டர் பாய்ந்து தாக்கி இறந்தான். 2018-இல் மும்பையில், உறவினருக்குத் துணையாக வந்த ஓர் இளைஞர் சிலிண்டரோடு சேர்த்து இழுக்கப்பட்டு உயிரிழந்தார். இரண்டு இடத்திலும் இயந்திரத்தில் கோளாறு இல்லை. இரும்பு எப்படி அந்தக் கதவைத் தாண்டியது என்பதுதான் கேள்வி.

கதவைத் தாண்டாமல் தடுக்கும் வேலை, பிளான் போடும் மேசையிலேயே தொடங்குகிறது. அமெரிக்கக் கதிரியல் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு வகுத்த நான்கு வட்ட முறையை இன்று உலகெங்கும் பின்பற்றுகிறார்கள். முதல் வட்டம் யாரும் வந்துபோகும் இடம். இரண்டாவதில் நோயாளியை விசாரித்து, உடை மாற்றி, உடலில் பேஸ்மேக்கர் (இதயத் துடிப்பைச் சீராக்கும் கருவி), உலோகத் துணுக்கு எதுவும் உண்டா என்று கேட்பார்கள். மூன்றாவதில் பூட்டிய கதவு, பயிற்சி பெற்றவர் துணையில்லாமல் போக முடியாது. நான்காவது, காந்தம் இருக்கும் அறை. இந்த நான்கும் ஒன்றன்பின் ஒன்றாக வர வேண்டும். இரு பக்கமும் வராந்தா உள்ள பழைய வார்டு இதற்கு நேர் எதிர். அது எந்தப் பக்கத்திலிருந்தும் யாரும் நுழைந்து மறுபக்கம் வெளியேறக் கட்டியது. ஒரு வராந்தாவை முழுக்க அடைத்தாக வேண்டும். பல வருஷமாக அந்த வழியே சாப்பாட்டுத் தள்ளுவண்டியைக் கொண்டுபோன ஊழியர்கள் முணுமுணுப்பார்கள், வேறு வழியில்லை.

உடை மாற்றும் அறையைப் பற்றி ஒரு வார்த்தை. வெளிநாட்டுப் பிளானை அப்படியே எடுத்தால் அதில் ஒரு ஸ்டூலும் ஒரு லாக்கரும்தான் இருக்கும். நம் ஊர்ப் பெண்களுக்கு அது போதாது. தாலிக்கொடியில் தங்கம் மட்டும்தானா இருக்கிறது? ரெண்டு மூன்று ஊக்கு கட்டாயம் கோத்திருக்கும். தங்கத்தைக் காந்தம் இழுக்காது, ஆனால் வானொலித் துடிப்பில் அது சூடேறலாம். ஊக்கோ இரும்பு, கழுத்திலிருந்தே இழுபடும். கழற்றச் சொன்னால் பல அம்மாக்கள் தயங்குவார்கள். “அக்கா, ஊக்கை மட்டுமாவது எடுங்க” என்று பேரம் பேசுகிற இடம் அது இல்லை, எல்லாவற்றையும் கழற்றத்தான் வேண்டும். கணவரோ மகளோ பக்கத்தில் நின்று கையில் வாங்கிக்கொள்ளும் அளவுக்கு இடமும், கதவைச் சாத்திக்கொள்ளும் மறைவும் இருந்தால் பாதித் தயக்கம் போய்விடும். ஆண்களுக்கு அரைஞாண் கயிற்றுத் தாயத்து. மலாய்க்காரர்கள் சிலர் முகத்தில் ஏற்றிக்கொள்ளும் சூசுக் ஊசி வெளியே தெரியவே தெரியாது, கேட்டால்தான் உண்டு. இப்படிக் கேட்பதற்கும் காதுக்கு மறைவான ஒரு மூலை வேண்டும். வராந்தா பெஞ்சில் நாலு பேர் நடுவில் கேட்டால் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள்.

காந்தப் புலம் சுவரோடு நின்றுவிடாது என்பதும் நினைவில் இருக்க வேண்டும். 5 காஸ் (காஸ் என்பது டெஸ்லாவைவிட மிகச் சிறிய காந்த அலகு) என்ற அளவைக் காலங்காலமாக எல்லைக்கோடாக வைத்திருக்கிறார்கள். அதற்குள் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் வரக்கூடாது. இன்றைய 1.5 டெஸ்லா இயந்திரங்களில் இந்தக் கோடு காந்தத்தின் நடுவிலிருந்து நீளவாக்கில் சுமார் 4 மீட்டர், பக்கவாட்டில் சுமார் 2.5 மீட்டர் போகும். மேலேயும் கீழேயும்கூட இதே கணக்கு உண்டு. ஆகவே மாடிக்கட்டடம் என்றால் மேல் மாடியில் யார் படுத்திருக்கிறார் என்றும் பார்க்க வேண்டும். நம் வார்டு தரைத்தளம் மட்டும், அந்தக் கவலை இல்லை. கோடு சுவரைத் தாண்டி வெளி நடைபாதைக்குப் போனால், சுவரில் எஃகுத் தகடு பதித்துப் புலத்தை உள்ளே மடக்கலாம், அல்லது வெளியே வேலி போடலாம். வேலிதான் மலிவு.

செம்புக் கூண்டு

உடலிலிருந்து வரும் சமிக்ஞை மிக மெல்லியது என்றேன். 1.5 டெஸ்லாவில் அது சுமார் 64 மெகாஹெர்ட்ஸில் வரும், 3 டெஸ்லாவில் சுமார் 128 மெகாஹெர்ட்ஸ். நாம் மின்னல் எஃப்.எம். கேட்கும் பண்பலை 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ். அதாவது எம்.ஆர்.ஐ. காது வைத்துக் கேட்கும் இடத்துக்கு மேலும் கீழும் வானொலி, வாக்கி-டாக்கி, மோட்டார், மின்விளக்கு என்று ஊரே சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறது. தைப்பூசத்தில் உறுமி மேளத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கொசுவின் ரீங்காரத்தைக் கேட்கப் பார்ப்பது போலத்தான்.

அதனால் அறைக்குள் இன்னோர் அறை: நாலு சுவர், தரை, கூரை ஆறு பக்கமும் செம்புத் தகட்டால் மூடிய கூண்டு. செம்பு இல்லாவிட்டால் அலுமினியமோ வேறு உலோகப் பலகைகளோ. வெளி அலைகளை 90 முதல் 100 டெசிபெல் வரை குறைக்க வேண்டும் என்பது வழக்கமான எதிர்பார்ப்பு. 100 டெசிபெல் என்றால் அலையின் திறன் ஆயிரம் கோடியில் ஒரு பங்காகக் குறைகிறது. அந்தத் தகட்டில் ஒரு மயிரிழை விரிசல் இருந்தாலும் படத்தின் குறுக்கே புள்ளிப் புள்ளியாக ஒரு வெள்ளைக் கோடு விழும். ரேடியோகிராஃபர்கள் அதை ஜிப்பர் என்பார்கள். டாக்டர் தேடும் கட்டி அந்தக் கோட்டுக்கு அடியில் இருந்தால் படம் எடுத்தும் பயனில்லை.

கூண்டு என்றால் மனிதர் போய்வர வழி வேண்டும், காற்று வேண்டும், ஆக்சிஜன் குழாய் வேண்டும், வயர் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஓர் உபாயம் உண்டு. மின்கம்பிகள் எல்லாம் ஒரே பலகை வழியாக, வடிகட்டி தாண்டித்தான் உள்ளே வரும். காற்றும் வாயுவும் வரும் இடத்தில் உலோகக் குழல் ஒன்றைக் கூண்டோடு சேர்த்துப் பற்றவைப்பார்கள். குழல் விட்டத்தைவிட நீளத்தில் பெரிதாக இருந்தால் காற்று நுழையும், அந்த அலைவரிசை நுழையாது. கட்டுப்பாட்டு அறையிலிருந்து பார்க்கும் கண்ணாடிக்குள் மெல்லிய செம்புவலை இருக்கும், உற்றுப் பார்த்தால் தெரியும்.

கதவுதான் இதில் தொல்லை பிடித்த பாகம். சட்டத்தைச் சுற்றி, விரல் விரலாக வெட்டிய வளையும் உலோகப் பட்டை பதித்திருப்பார்கள், பெரும்பாலும் பெரிலியம் கலந்த செம்பு. கதவைச் சாத்தும்போது ஒவ்வொரு விரலும் எதிர்ப்பக்கத் தகட்டை அழுத்தித் தொட வேண்டும். ஸ்ட்ரெச்சர் இடித்து நாலு விரல் மடங்கினால் போச்சு. பிளாஸ்டர் ஒட்டிய கைத்தடம், தரை மெழுகு, நம் ஊர் ஈரத்தில் படியும் பச்சைக் களிம்பு, எதுவும் அந்தத் தொடுகையைக் கெடுக்கும். அந்தப் பட்டையை யார், எதைக் கொண்டு, எத்தனை நாளுக்கு ஒரு முறை துடைப்பது என்பதைக் கட்டி முடிக்கும் முன்பே எழுதி வைக்கிற மருத்துவமனை புத்திசாலி.

கூண்டுக்குள் போடும் எல்லாவற்றிலும் இரும்பு விலக்கு. கூரைப் பலகையைத் தாங்கும் சட்டம் அலுமினியம். தீயணைப்பான் காந்தம் இழுக்காத வகை. சக்கர நாற்காலி, ஸ்ட்ரெச்சர், டிரிப் மாட்டும் கம்பம் எல்லாம் தனியாக வாங்க வேண்டும், விலையும் அதிகம். பட்ஜெட் போடும்போது இவற்றை மறந்துவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

ஹீலியத்துக்கு ஒரு வழி

வழக்கமான காந்தத்தில் 1,500 லிட்டர் அளவுக்குத் திரவ ஹீலியம் இருக்கும். ஏதோ காரணத்தால் சுருளின் ஒரு பகுதி சூடாகி மின்தடை திரும்பி வந்தால், அந்தச் சூட்டில் ஹீலியம் மொத்தமும் கொதித்து வாயுவாகக் கிளம்பும். இதைக் குவெஞ்ச் என்கிறார்கள். யாராவது காந்தத்தில் சிக்கி நசுங்கும் நிலை வந்தால், வேண்டுமென்றே பொத்தானை அமுக்கியும் இதைச் செய்வார்கள். திரவ ஹீலியம் வாயுவாகும்போது சுமார் 700 மடங்கு விரியும். 1,500 லிட்டருக்கு இது ஆயிரம் கன மீட்டருக்கும் மேல். அறையோ 40 சதுர மீட்டர், 3 மீட்டர் உயரம் என்றால் 120 கன மீட்டர். வாயு வெளியேற வழி இல்லாவிட்டால் அறையின் ஆக்சிஜனை ஹீலியம் தள்ளிவிடும். உள்ளே இருப்பவர் சில மூச்சிலேயே மயங்குவார்.

எனவே காந்தத்தின் தலையிலிருந்து கட்டடத்துக்கு வெளியே ஓர் அகன்ற குழாய். வளைவுகள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. வெளிவாய் ஜன்னல், நடைபாதை, ஏர்கோன் காற்றை உறிஞ்சும் இடம் எதற்கும் பக்கத்தில் இருக்கக்கூடாது. நம் மழைக்கு வாய் கீழ்நோக்கித் திரும்பியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் இறங்கும். வாயில் வலை கட்டாயம். இங்கே மைனா எந்தப் பொந்தையும் விடாது. கூடு கட்டி அடைத்த குழாயில் குவெஞ்ச் நடந்தால் ஹீலியம் திரும்ப அறைக்குள்தான் வரும். அறைக்குள் ஆக்சிஜன் அளவைக் காட்டும் உணரி, அபாய மணி, தானாக ஓடும் காற்றுப்போக்கி எல்லாம் இதற்காகத்தான். கதவு வெளிப்பக்கமாகத் திறப்பதும் இதனால்தான். உள்ளே அழுத்தம் ஏறிவிட்டால், உள்நோக்கித் திறக்கும் கதவை எத்தனை பேர் இழுத்தாலும் திறக்க முடியாது.

இந்தத் தலைவலியைக் குறைக்கும் இயந்திரங்கள் வந்துவிட்டன. ஃபிலிப்ஸ் நிறுவனம் 2018-இல் வெளியிட்ட 1.5 டெஸ்லா இயந்திரத்தில் ஹீலியம் வெறும் 7 லிட்டர், அதுவும் முழுக்க மூடி முத்திரையிட்டது, வெளிக்குழாய் தேவையில்லை. மற்ற நிறுவனங்களும் இந்த வழியில் போகின்றன. பழைய கட்டடத்துக்கு இயந்திரம் தேடுகிறவர்கள் விலைப் பட்டியலைப் பார்க்கும் முன் இதைக் கேட்க வேண்டும். குழாய்க்காகக் கூரையை உடைக்கும் செலவு அப்படியே மிச்சம்.

தரை, லோரி, ரயில்

காந்தம் மட்டும் 4 முதல் 6 டன் வரை, 3 டெஸ்லா என்றால் இன்னும் கூட. பழைய வார்டின் தரை கட்டில்களுக்கும் ஆட்களுக்கும் போட்டது. பெரும்பாலும் தரையை வெட்டி எடுத்துவிட்டுப் புதிய கான்கிரீட் மேடை போடுவார்கள். அதற்குள் போடும் இரும்புக் கம்பிக்கும் வரம்பு உண்டு, காந்தத்துக்கு அடியில் இரும்பு அதிகமானால் புலம் கோணும். சுங்கை சிப்புட்டை ஒட்டிய கிந்தா வட்டாரம் சுண்ணாம்புக்கல் பூமி, அடியில் பொந்து இருக்கலாம். மண் பரிசோதனையில் கஞ்சத்தனம் கூடாது.

காந்தப் புலம் படுக்கையின் நடுப்பகுதியில் மில்லியனில் சில பங்கு வித்தியாசம்கூட இல்லாமல் சீராக இருக்க வேண்டும். அசையாத இரும்பு அருகில் இருந்தால் நிறுவும்போதே ஈடுகட்டிவிடலாம். அசையும் இரும்புதான் வம்பு: லிஃப்ட், கார் நிறுத்துமிடம், வெளிச்சாலையில் செம்பனைக் குலை ஏற்றிப் போகும் லோரி. சுங்கை சிப்புட் வழியாக ஈப்போ–பாடாங் பெசார் மின்சார இரட்டைத் தண்டவாளம் போகிறது. ரயில் அதிர்வையும் தரும், மின்கம்பி வழியாக மாறும் காந்தப் புலத்தையும் தரும். எனவே வேலை தொடங்கும் முன் இயந்திர நிறுவனத்தார் அதிர்வுமானியும் காந்தமானியும் வைத்துச் சில நாள் அளந்து பார்ப்பார்கள். அந்த அறிக்கை வரும்வரை எந்த அறையையும் ‘இதுதான்’ என்று சொல்லக்கூடாது.

காந்தத்தை உள்ளே கொண்டு போவதும் லேசில்லை. இரண்டு மீட்டருக்கும் அகலமான பொருள், எந்தக் கதவிலும் நுழையாது. வெளிச்சுவரை இடித்து, கிரேன் வைத்து இறக்கி, எஃகுத் தகடு விரித்து உருட்டி, பிறகு கூண்டையும் சுவரையும் மூடுவார்கள். பத்துப் பதினைந்து வருஷத்தில் அதே காந்தத்தை வெளியே எடுக்கவும் வேண்டும் என்பதால், அந்த இடத்தில் கழற்றக்கூடிய சுவராகக் கட்டுவது நல்லது.

குளிர், ஈரம், மின்சாரம்

நம் பழைய மருத்துவமனைகள், தோட்டத்து ஆஸ்பத்திரிகள் எல்லாம் ஏர்கோன் இல்லாத காலத்தில் காற்றோட்டத்துக்காகக் கட்டியவை. எம்.ஆர்.ஐ. கேட்பதோ வெளிக்காற்று புகாத, வெப்பமும் ஈரமும் மாறாத அறை. சுமார் 20 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் பாதிக்குப் பாதி. வெளியே மழைக்குப் பிறகு ஈரப்பதம் எண்பது தொண்ணூறு விழுக்காடு. இந்த வித்தியாசம் எங்கெல்லாம் சந்திக்கிறதோ அங்கெல்லாம் தண்ணீர் கட்டும். குளிர்நீர்க் குழாயின் உறையில் ஒரு கிழிசல் போதும், கூரைப் பலகையில் மஞ்சள் கறை, அப்புறம் பூஞ்சணம், அப்புறம் சொட்டு. கண்ணாடிப் பட்டை ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைப்பதோடு, சுவருக்கும் கூரைக்கும் ஈரத்தடுப்பும் போட வேண்டும்.

ஹீலியத்தைக் குளிரில் வைத்திருக்கும் கம்ப்ரஸர் இருபத்து நாலு மணி நேரமும் ஓடுகிறது. அதைக் குளிர்விக்கக் குளிர்நீர் சில்லர் இருபத்து நாலு மணி நேரமும் ஓட வேண்டும். ஸ்கேன் நடக்கும் நேரத்தில் மும்முனை மின்சாரம் இன்னும் எகிறும். பழைய மருத்துவமனையின் மின்பலகையில் அதற்கு இடம் இருக்குமா என்பது முதல் கேள்வி. ஜெனரேட்டர் ஓடும்போது சில்லரும் அதில் சேர்ந்திருக்கிறதா என்பது இரண்டாவது. இடி மின்னலுக்குப் பேர்போன நாட்டில் மின்னெழுச்சித் தடுப்பும் நல்ல எர்த்தும் இல்லாமல் இவ்வளவு விலையுயர்ந்த மின்னணுப் பலகைகளை இணைப்பது பெரிய தைரியம்.

காந்தம் தொழிற்சாலையிலிருந்தே ஹீலியம் நிரப்பிக் குளிர்ந்த நிலையில்தான் கப்பலேறுகிறது. வழியில் குளிர்விக்கும் கருவி ஓடாது, ஹீலியம் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகும். வந்து இறங்கும் நாளில் சில்லர் இன்னும் இணைக்கப்படவில்லை, கரண்ட் அடுத்த வாரம் என்றால் பணம் ஆவியாகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஹீலியமோ அமெரிக்கா, கத்தார் போன்ற சில நாடுகளிலிருந்து மட்டும் வருவது, நினைத்த நேரத்தில் கிடைக்காது. கட்டட வேலையில் சாதாரணமாக நாம் பொறுத்துக்கொள்ளும் ‘ரெண்டு வாரம் தள்ளிப்போகும் பாஸ்’ இங்கே செல்லாது.

பக்கத்தில் நோயாளிகள் படுத்திருக்க

ஆஸ்பத்திரியை மூடிவிட்டு வேலை செய்ய முடியாது. இடிக்கும் தூசியில் அஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சையின் வித்துகள் பறக்கும். நமக்குத் தும்மலோடு போகும், கீமோ சிகிச்சையில் இருப்பவருக்கு நுரையீரல் தொற்றாகும். ஆகவே வேலை இடத்தைத் தரையிலிருந்து மேற்கூரை வரை அடைத்து, காற்றை வெளிப்புறமாக உறிஞ்சும் விசிறி வைத்து, இடிபாடுகளை மூடிய வண்டியில் தனி வழியே கொண்டு போக வேண்டும். கூரைப் பலகையைக் கழற்றும் முன் அதில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டா என்று சோதிக்க வேண்டும், பழைய கட்டடங்களில் அது சகஜம். துளையிடும் நேரத்தை வார்டு சிஸ்டரிடம் கேட்டு வைத்துக்கொள்வது நல்ல மேற்பார்வையாளருக்கு அழகு.

சரி, எதைக் கேட்பது?

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். இத்தனையையும் பழைய வார்டுக்குள் திணிப்பதைவிட, பின்னால் காலி இடம் இருந்தால் தரைத்தளம் மட்டும் உள்ள கட்டடமாகப் புதிதாக எழுப்புவது பெரும்பாலும் சுலபம், சில வேளை மலிவும்கூட. தரை, கூண்டு, குழாய், சில்லர் எல்லாம் பிளானிலேயே அமைந்துவிடும். வார்டை வரவேற்பறை, உடை மாற்றும் அறை என்று வைத்துக்கொள்ளலாம். லோரியில் வரும் எம்.ஆர்.ஐ.யும் உண்டு. மூளையை மட்டும் படம் எடுக்க, சாதாரணப் பிளக்கில் ஓடும் 0.064 டெஸ்லா சிறிய இயந்திரத்துக்கு 2020-இல் அமெரிக்கா அனுமதி தந்தது, ஆனால் அதன் படத் தெளிவு பெரிய இயந்திரத்துக்கு ஈடாகாது.

அதைவிட முக்கியம், தோட்டப்புற ஊருக்கு முதலில் வேண்டியது எம்.ஆர்.ஐ.யா என்ற கேள்வி. வாய் கோணி, கை விழுந்து பக்கவாதத்தோடு வருபவருக்கு மூளையில் அடைப்பா, ரத்தக்கசிவா என்று உடனே தெரிய வேண்டும். அடைப்பைக் கரைக்கும் மருந்தை அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும், கசிவு இருப்பவருக்கு அதே மருந்து எமன். சாலை விபத்தில் தலையில் அடிபட்டு வருபவருக்கும் இதே அவசரம். இரண்டுக்கும் சில நிமிஷத்தில் பதில் சொல்வது சி.டி. முதுகு வலி எம்.ஆர்.ஐ.க்குத் தேதி வாங்கிக் காத்திருக்கலாம், பக்கவாதம் காத்திருக்காது.

சி.டி.யின் எடை தாங்கும் அளவுக்குத் தரையைப் பலப்படுத்தி, காரீயக் கதவும் காரீயக் கண்ணாடியும் போட்டு, தனி மின் இணைப்பும் ஏர்கோனும் கொடுத்தால் அந்த வார்டின் ஒரு மூலையிலேயே வேலை முடியும். அவசரப் பிரிவிலிருந்து ஸ்ட்ரெச்சர் நேராக வரும்படி கதவை அந்தப் பக்கம் வைக்க வேண்டும். படத்தைப் பார்த்துச் சொல்லும் நிபுணர் ஈப்போவிலிருந்தே பார்க்கலாம் என்பதால், பிளானில் நம்பகமான இணைய இணைப்பும், இரவு ஷிப்டில் இருக்கும் ரேடியோகிராஃபருக்குக் கால் நீட்ட ஓர் அறையும் சேர்த்துக் கேளுங்கள்.